மூலைத்தூண்

தெல்லிஸ் வரிவெட்டி வீட்டுப் பிள்ளை. கொல்லன் வீடு, குயவன் வீடு என்பதுபோல எங்கள் ஊரில் வரிவெட்டி வீடு என்றும் ஒன்று இருந்தது. தூண் என்றால் உருண்டு திரண்டு நின்றால் மட்டும் போதாது. தலையிலிருந்து கால்வரை நெடுகப் பள்ளம் ஓட வேண்டும். இரண்டு பள்ளம் சேருமிடத்தில் விளிம்பு கத்திபோல் நிற்க வேண்டும். அப்போதுதான் வெயில் ஏறி இறங்கும்போது நிழலும் அதில் ஏறி இறங்கும். கல் கல்லாகத் தெரியாது. அந்தப் பள்ளத்துக்குத்தான் வரி என்று பெயர். அதை வெட்டத் தெரிந்த குடும்பம் ஊரில் அது ஒன்றுதான்.

ஆனால் கோயில் வேலையில் வரி வெட்டுவது கடைசி வேலை. படிமேடை கட்டி, உருளைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தூண் நிறுத்தி, தலையில் மேற்பாரம் தாங்கும் அகலக்கல்லான போதிகை வைத்து, போதிகைக்குப் போதிகை உத்திரம் போட்டு, அதற்குமேல் வெளியே நீட்டிய கொடுங்கை, முகப்பு முக்கோணம், மரச்சட்டம், ஓடு என்று எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் தூணில் உளி வைக்கலாம். முன்னாலேயே வெட்டிவிட்டால், மேலே ஏற்றும் கல் சற்றே ஆடி உரசினாலும் விளிம்பு போய்விடும். போன விளிம்பை யாராலும் ஒட்டவைக்க முடியாது.

எங்கள் ஊர் மலைமேல் எழும்பிய அப்போலோ கோயிலில் அந்தக் கடைசி வேலைக்கு நேரம் வரவே இல்லை.

அடித்தளம் போட்டது தெல்லிஸின் பாட்டன் காலத்தில். தெல்லிஸ் பிறந்தபோது வெளிவரிசைத் தூண்கள் நின்றன, உள்வரிசைத் தூண்களுக்கு இன்னும் கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள், உத்திரம் பாதிக்கு மேல் ஏறியிருந்தது, கூரை இல்லை. மழை பெய்தால் கருவறைக்குள் தண்ணீர் தேங்கித் தவளை கத்தும். சாமி சிலை கல் செதுக்கும் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே மல்லாந்து படுத்திருந்தது. திருவிழாவுக்கு மட்டும் அதைத் தூக்கி நிறுத்தி எண்ணெய் பூசுவார்கள். விழா முடிந்ததும் திரும்பப் படுக்கவைத்துவிடுவார்கள்.

தெல்லிஸின் தகப்பன் ஆயுள் முழுவதும் வெட்டியது தூணின் தலையிலும் காலிலும் விரல் நீள வரிதான். போதிகையைத் தரையில் வைத்துச் செதுக்கும்போதே அதன் கழுத்தில் வரியின் தொடக்கத்தை வெட்டிவிடுவது வழக்கம். அடிக்கல்லிலும் அப்படியே. பின்னால் ஒருநாள் மேலிருப்பதையும் கீழிருப்பதையும் இணைக்க அது அடையாளம். நடுவில் இருக்கும் அத்தனை உயரமும் வெறும் கல்லாகவே நிற்க, அந்த ஆள் கண்ணை மூடினார்.

வேலை இல்லாத வரிவெட்டி என்ன செய்வான்? தெல்லிஸ் கல்லுடைக்கும் குழிக்குப் போனான். அங்கே தூண்கல்லைப் பாறையிலேயே வட்டமாகச் சுற்றி வெட்டி எடுப்பார்கள். வெட்டுபவன் அந்த வட்டப் பள்ளத்துக்குள் இறங்கி, முதுகு ஒரு சுவரில், மூக்கு மறு சுவரில் உரச நின்று வெட்ட வேண்டும். கோடையில் உள்ளே காற்றே வராது. அப்படி வெட்டிய கல்லை மாட்டுவண்டிச் சட்டத்தில் ஏற்றும்போது வடம் நழுவி, தெல்லிஸின் இடது கையில் கடைசி இரண்டு விரலும் நசுங்கின. உளி பிடிக்கும் கை. மூன்று விரலால் பிடித்துப் பழகிக்கொண்டான்.

சாரம் கட்டிக் கல் ஏற்றும் வேலைக்கு மேஸ்திரி மிஸ்கோஸ். தெல்லிஸும் அவரும் ஒரே தெருவில் புழுதியில் புரண்டவர்கள். தெல்லிஸைக் கண்டாலே மிஸ்கோஸுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னடா வரிவெட்டி, உளியத் துரு தின்னுருச்சா?"

"நீ கூரையப் போடு, நான் துருவைத் துடைக்கிறேன்."

"கூரைதானே? உன் பேரனுக்குக் கல்யாணம் ஆகட்டும், போட்டுடலாம்."

"எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. அவளுக்கே இன்னும் ஆகல."

"அப்ப அவசரமே இல்ல" என்று மிஸ்கோஸ் சாரத்தில் ஏறிவிடுவார்.

தெல்லிஸுக்குத் தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில், சிராகூஸ் பெருநகரிலிருந்து பெரிய மனிதர்கள் திருவிழாவுக்கு வரப்போவதாகத் தகவல் வந்தது. ஊர்ச்சபை கூடியது. மழைத்தண்ணீர் தேங்கிய கோயிலை எப்படிக் காட்டுவது? ஒரு தூணையாவது முழுசாக முடித்து வைப்போம், வந்தவர்கள் மற்றதை மனசில் கட்டிக்கொள்ளட்டும் என்று முடிவானது. கிழக்கு மூலைத்தூணைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தூண்மேல் மட்டும் உத்திரம் ஏறவில்லை. அதற்கென்று வெட்டிய கல் குழியிலேயே விரிசல் விட்டு, மாற்றுக்கல் வராமல் நின்றுபோயிருந்தது. மேலே ஏற்றக் கல்லே இல்லாததால் விளிம்பு உரசிப் போகும் என்ற பயமும் இப்போதைக்கு இல்லை.

தெல்லிஸ் செய்தி கேட்டதும் வீட்டுக்கு ஓடினான். மனைவி மிக்கா அடுப்படியில் வாற்கோதுமை இடித்துக்கொண்டிருந்தாள்.

"மூலைத்தூணு எனக்கு. முழுசா. தலையில இருந்து கால் வரைக்கும்."

மிக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்குக்கூட உன் மூஞ்சி இப்படி இருந்ததில்லய்யா."

"அன்னிக்கு எங்க மாமனார் பக்கத்துல நின்னாரு, பயம்."

ஒரு குளிர்காலமும் அடுத்த வசந்தமும் அந்தத் தூணோடு போயின. சாரத்தின் உச்சியில் நின்று, தகப்பன் போதிகையின் கழுத்தில் விட்டுப்போன விரல் நீள வரியில் உளியை வைத்துக் கீழே இறக்கத் தொடங்கினான். தூண் நடுவில் கொஞ்சம் பருத்திருக்கும். வரியும் அதோடு சேர்ந்து விரிந்து, மேலே போகப் போக ஒடுங்க வேண்டும். கயிற்றைத் தொங்கவிட்டு அளக்கலாம். ஆனால் கடைசியில் கைதான் சொல்ல வேண்டும். மகள் தெமிஸ்டோ மத்தியானம் ரொட்டியும் ஒலிவக்காயும் கொண்டுவருவாள். அவன் சாப்பிடும்போது அவள் சாரத்தில் நின்று வரிக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்ப்பாள்.

"அப்பா, விரல் தன்னால வழுக்கிட்டுப் போகுதுப்பா."

"விளிம்பத் தொடாதடி. கையக் கிழிச்சிரும்."

"நெசமாவா?"

"தொட்டுப் பாரேன்."

தொட்டுப் பார்த்தாள். கிழிக்கவில்லை. இருவரும் சிரித்தார்கள். தெல்லிஸின் ஆயுளில் நல்ல காலம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். வேலை முடிந்து வெள்ளைச் சாந்து பூசி, சாரத்தைப் பிரித்தபோது, பள்ளத்தாக்கில் ஆடு மேய்ப்பவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

சிராகூஸ்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், பலிகொடுத்த எருதின் கறியைத் தின்றார்கள், போய்விட்டார்கள். அதற்கு மறு வருஷம் பக்கத்து ஊரோடு எல்லைச் சண்டை மூண்டது. கல்லுடைத்தவர்கள் ஈட்டி பிடிக்கப் போனார்கள். வெட்டி முடித்த தூண்கல்லெல்லாம் மதிலுக்கு வெளியே, குழியிலிருந்து வரும் வழியில் கிடந்த இடத்திலேயே கிடந்தன. படிமேடையில் புல் முளைத்தது. தெமிஸ்டோவைக் குயவன் சோசிஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கெட்டிக்காரப் பையன், வாய்த்துடுக்கு. "மாமா, நான் காலையில வனைஞ்ச பானையில சாயங்காலம் தண்ணி குடிக்கலாம். உங்க கோயில்ல எப்ப சாமி குடியேறும்?" என்று கேட்பான். தெல்லிஸுக்குக் கோபம் வராது. கேள்வி நியாயமாகத்தானே இருந்தது!

எல்லைச் சண்டையில் தோற்ற பக்கத்து ஊர்க்காரர்கள் கடல் தாண்டி இருந்த கார்த்தேஜ் நகரத்தின் படையை அழைத்தார்கள். கோடை தொடங்கும்போது கப்பல்கள் வந்து நின்றன. எங்கள் ஊர் மதில் பல வருஷமாகப் பழுது பார்க்காத மதில். கோயிலுக்கு என்று கல்லையெல்லாம் மலைமேல் ஏற்றிய நாங்கள் மதிலை மறந்துவிட்டோம். எங்களைப் போலவே கிரேக்கம் பேசும் அக்ரகாஸுக்கும் சிராகூஸுக்கும் உதவி கேட்டு ஆள் அனுப்பினோம். வருகிறோம், தாக்குப்பிடியுங்கள் என்று பதில் வந்தது. ஆள் வரவில்லை.

இரும்புத்தலை மாட்டிய இடிமரத்தால் வடக்கு மதிலை இடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் காலையில் ஒரு வண்டி புகும் அகலத்துக்கு அது சரிந்தது. எங்கள் ஆட்கள் அந்த இடைவெளியிலேயே நின்று வெட்டினார்கள், வெட்டுப்பட்டார்கள். உச்சிவெயில் தாங்காமல் எதிரிகள் பின்வாங்கினார்கள். சாயங்காலம் மறுபடி வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் இடைவெளியை அடைக்க வேண்டும். வீட்டுக் கல், வாசற்படி, ஆட்டுரல் எல்லாம் போட்டார்கள். இடிமரம் ஒரு தட்டுத் தட்டினால் சிதறும் சில்லறைக் கல். பெருங்கல் மலைமேல் கோயிலில்தான் இருந்தது.

மிஸ்கோஸ் மேடேறி வந்தபோது தெல்லிஸ் படிமேடையின் ஓரத்தில் நின்று பெண்களுக்குக் கல் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தான். மிஸ்கோஸின் தாடியில் ரத்தம் காய்ந்திருந்தது. அவருடையதல்ல. பின்னாலேயே சோசிஸ், தோளில் துணிக்கட்டோடு. வடம் தூக்கிக்கொண்டு சிலர்.

"தெல்லிஸ்" என்றார் மிஸ்கோஸ். வரிவெட்டி என்று கூப்பிடவில்லை. "மூலைத்தூண இழுக்கணும்."

தெல்லிஸ் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். பிறகு, "பின்பக்கத் தூணு இருக்கு. வெறுங்கல்லு. அத இழு" என்றான்.

"அது தலையில உத்திரம் கெடக்குடா. ஒண்ண இழுத்தா நாலு சேந்து விழும், இழுக்கிறவன் மேலயே விழும். தலை காலியா நிக்கிறது இது ஒண்ணுதான். உனக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"பின்ன?"

"சும்மா கேட்டுப் பாத்தேன்."

சோசிஸுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அங்க ஆளு செத்துக் கெடக்கான், நீங்க தூணுக்கு அழுவுறீங்களா? தெமிஸ்டோ கையில கொழந்தையோட மதில் மேல கல்லு தூக்குறா. தூணு வேணுமா, புள்ள வேணுமா?"

"நான் எங்க மாப்ள அழுதேன்?" என்றான் தெல்லிஸ். "நீங்க கட்டுற எடத்துல கட்டி இழுத்தா அது கருவறைச் செவுத்து மேல சாயும். ஒரு கல்லும் உருப்படியா கீழ வராது. வடத்த இப்படிக் கொடு."

ஏணி வைத்து ஏறினான். போதிகைக்குக் கீழே, கழுத்தில், வடத்தைச் சுற்றிக் கட்டினான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுமையத்தில் மர ஆணி இருக்கும். அது நெட்டுக்குத்தாக இருக்கும்வரை தூண் லேசில் சாயாது. அதனால் கீழே இறங்கி, அடிக்கல்லின் மூட்டில் ஒரு பக்கமாக ஆப்பு அடிக்கத் தொடங்கினான். ஆப்பு இறங்க இறங்க வரியின் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறித்து அவன் தாடியில் ஒட்டியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அடித்தான். மாடுகளைப் பூட்டினார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் மனிதர்களும் வடத்தைப் பிடித்தார்கள்.

"இழு!" என்று மிஸ்கோஸ் கத்தினார்.

தூண் முதலில் அசையவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் கேட்டது. மேல்கல் மெல்ல நகர்ந்தது, அதன் பின்னால் மற்றவை, எல்லாம் சேர்ந்து சரிவில் விழுந்து மலையை அதிரவைத்தன. புழுதி அடங்குவதற்குள் கற்கள் தாமாகவே உருண்டு இறங்கத் தொடங்கின. உருண்டைக் கல்தானே. ஆட்கள் கடப்பாரையால் நெம்பி வழி திருப்பிவிட, அவை ஒன்றன்பின் ஒன்றாக வடக்கு மதிலை நோக்கி ஓடின. தெல்லிஸும் பின்னாலேயே நடந்தான். பாறையில் மோதும் ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைத் தூள் பறந்தது. போதிகை மட்டும் தட்டையாக விழுந்து படியிலேயே கிடந்தது.

சாயங்காலத்துக்குள் இடைவெளி அடைபட்டது. இடிமரம் வந்து தட்டியது; தூண்கல் அசையவில்லை. சோசிஸ் மதில்மேலிருந்து ஓடிவந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நிக்குது மாமா! வெங்கலம் மாதிரி நிக்குது. பேசினதுக்கு மன்னிச்சிருங்க."

"அத விடு. நீ ஏதாவது சாப்ட்டியா?" என்றான் தெல்லிஸ்.

மறுநாள் காலையில் அவன் தெமிஸ்டோவைக் கூப்பிட்டான். அவள் முகமெல்லாம் புகை. கைக்குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீ புள்ளயத் தூக்கிட்டுக் கோயிலுக்குப் போயிரு. கருவறைக்குள்ள. செவுரு ரெட்டைக் கல்லு, தீ வச்சாலும் வேகாது."

மிக்கா குறுக்கே வந்தாள். "கூரை இல்லாத எடத்துல அவளப் போயி நிறுத்துறியே! எங்கூட இருக்கட்டும்யா. எனக்கு என்ன நடக்குதோ அவளுக்கும் நடக்கட்டும்."

"சாமி எடத்துல கை வைக்க எவனும் பயப்படுவான்."

"சாமி அங்க இல்லய்யா, கொட்டாயில கெடக்கு."

"சொல்றதக் கேளு. அந்தச் செவுத்த எனக்குத் தெரியும்."

தெமிஸ்டோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போறேம்மா. மத்தப் பொம்பளைங்களும் அங்கதான் போறாங்க. நீ ராத்திரிக்கு ரொட்டி மட்டும் அனுப்பு" என்று சொல்லிவிட்டு மேடேறினாள்.

மதில் அன்று மத்தியானம் விழுந்தது. வடக்கில் அல்ல; வடக்கில் அடைத்த கல் கடைசிவரை நின்றது. யாரும் கவனிக்காத மேற்குச் சின்னவாசல் பக்கம் பழைய மதில் ஒரேயடியாக உட்கார்ந்தது. அந்த வழியாகப் புகுந்தவர்கள் பின்னாலிருந்து வந்ததால், வடக்கு மதில்மேல் நின்ற சோசிஸும் மிஸ்கோஸும் முகம் திருப்புவதற்குள் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். பெண்கள் வீட்டுக்கூரை ஓட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள். ஓடு தீர்ந்தது. தெல்லிஸ் மலையை நோக்கி ஓடப் பார்த்தான். தெரு முழுக்க எதிரிகள். மிக்கா அவன் இடுப்புத்துணியைப் பிடித்து இழுத்து, ஆட்டுப்பட்டி வாசல் வழியாக, ஓடுகிற கூட்டத்தோடு கூட்டமாக வெளியே கொண்டுவந்தாள். மலையில் புகை இல்லை. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவன் நடந்தான். "எரியல மிக்கா. பாரு, கோயில் எரியல." அவள் அவன் துணியை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள்.

கோயில் எரியவில்லை என்பது உண்மைதான். அங்கே யாரையும் கொல்லவும் இல்லை. நாங்கள் தஞ்சம் புகுந்த அக்ரகாஸில், பின்னால் தப்பி வந்த ஒருத்தி சொன்னாள்: கருவறைக்கு இருந்தது ஒரே வாசல்; வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தியாக வெளியே வரச்சொல்லி, கயிற்றில் கோத்துக் கப்பலுக்கு நடத்திப்போனார்கள். தெமிஸ்டோ குழந்தையைத் துணிக்குள் மறைத்துத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தாளாம். அதற்குமேல் தெரியாது.

அக்ரகாஸ்காரர்கள் நல்லவர்கள். தானியம் கொடுத்தார்கள், தங்க இடம் கொடுத்தார்கள். அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை இருந்தது. தெல்லிஸ் ஒன்றின் உள்ளேயும் போகவில்லை. மிக்கா அங்கே இருந்தவரை ஒரே ஒரு தடவைதான் அதைப் பேசினாள். அவன் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல், "நீதான்யா போகச் சொன்ன" என்றாள்.

"ஆமா."

"நான் வேணாம்னேன்."

"ஆமா, மிக்கா."

கார்த்தேஜ் விதித்த கப்பத்துக்கு ஒப்புக்கொண்டால் பழைய ஊர்க்காரர்கள் திரும்பிவந்து நிலத்தை உழலாம், மதில் மட்டும் எழுப்பக்கூடாது என்று பிறகு அறிவித்தார்கள். பலர் போகவில்லை. மிக்காதான் போக வேண்டும் என்றாள். மகள் தப்பிவந்தால் அந்த ஊருக்குத்தானே வருவாள். வேறெங்கே தேடுவாள்?

திரும்பி வந்தோம். மதிலைத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். காவலுக்கு வந்த கார்த்தேஜ் படைவீரர்கள் வீடு கட்டக் கல் தேடினார்கள். கல்லுடைக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டபோது பலரும் தெல்லிஸைக் கைகாட்டினார்கள். வடக்குப் பக்கம் கிடந்த தூண்கல்லை ஆப்பு வைத்துப் பிளந்து, வாசற்படியும் மாட்டுத்தொட்டியும் செய்து கொடுத்தான். வரி இருந்த பக்கத்தை மண்ணில் வைத்துப் பதித்தால் கல் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுகொண்டு, அப்படியே பதிக்கச் சொன்னான்.

துறைமுகத்துக்குக் கார்த்தேஜ் கப்பல் வரும்போதெல்லாம் மிக்கா அவனை அனுப்புவாள். அவளுக்கு அதற்குள் முழங்கால் வீங்கிவிட்டது, நடக்க முடியாது. அவன் போய்க் கயிறு கட்டுபவன், சுமை தூக்குபவன் என்று கிரேக்கம் தெரிந்த யாரையாவது பிடித்துக் கேட்பான். தெமிஸ்டோ என்று பெயர். வலது புருவத்தில் தழும்பு. கையில் ஒரு ஆண்குழந்தை. இப்போது நடக்கிற வயசு, இப்போது ஓடுகிற வயசு, இப்போது ஆடு மேய்க்கிற வயசு. வருஷம் போகப் போக அவன் குழந்தையின் வயதை மாற்றிச் சொன்னான்.

ஒருநாள் ஒரு மாலுமி, தாய்வழியில் எங்கள் மொழி பேசுபவன், மீன் பொரித்துக்கொண்டே இவன் சொல்வது முழுவதையும் கேட்டான். கெட்டவனில்லை. உட்காரச் சொல்லி மீனும் கொடுத்தான்.

"பெரியவரே, தெமிஸ்டோ தெமிஸ்டோன்னு கேட்டுட்டு இருக்கீங்க. அங்க அந்தப் பேருல யாருமே இருக்க மாட்டாங்க."

"ஏன்?"

"வாங்கினதும் பேர மாத்திருவாங்க. அவங்க வாயில நுழையிற பேரா வச்சிருவாங்க. சின்னக் கொழந்தைன்னா தாய்கிட்டயே விடமாட்டாங்க, அது வேற எடத்துக்குப் போயிரும். அதுக்கு நீங்க பேசுற பாஷையே தெரியாது. நேருக்கு நேரா இங்க வந்து நின்னாக்கூட நீங்க கேக்குறது அதுக்குப் புரியாது."

தெல்லிஸ் மீனைப் பிட்டு முள்ளை எடுத்தான். "அப்ப யாரப் போயிக் கேக்குறது?"

"அதத்தான் சொல்றேன். கேக்க ஒண்ணும் இல்ல."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வீடு வந்து சேர்ந்தபோது மிக்கா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கேட்டியா?"

"கேட்டேன். இவனுங்களுக்குத் தெரியலையாம். இவனுங்க வேற ஊர்க்காரனுங்க."

"அடுத்த கப்பல்ல கேளு."

"கேக்குறேன்."

அதற்குப் பிறகும் ஒவ்வொரு கப்பலுக்கும் அவன் போனான். துறைமுகத்தில் வலை காயப்போடும் கல்மேல் உட்கார்ந்திருப்பான். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டான். போதுமான நேரம் ஆனதும் எழுந்து வீட்டுக்குப் போவான். தெரியலையாம் என்பான். மிக்கா அடுத்த கப்பலைச் சொல்வாள். அவள் சாகும்வரை இது நடந்தது. அவள் போன பிறகு கப்பல் வந்தாலும் அவன் வீட்டைவிட்டு இறங்கவில்லை. இரண்டு குளிர்காலம் இருந்தான். கடைசி நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி ஊற்றினாள். அவனைப் புதைக்க நாங்கள் சிலபேர்தான் போனோம். அழுவதற்கு வீட்டுப் பெண் யாரும் இல்லாததால் சடங்கு சீக்கிரமே முடிந்துவிட்டது.